ஏழு வயதுக்கு முன்: மலாக்காவில் தமிழ் கைமாறிய வரலாறு

மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி என்னும் குடியிருப்பு உள்ளது. அங்குள்ள வீட்டு வாயில்களில் மாவிலைத் தோரணம் தொங்கக் காணலாம். பொங்கலும் போகியும் ஆண்டுதோறும் தவறாது நடைபெறும். முன்னோர்க்குப் படையலிடும் வழக்கம் இன்றளவும் மாறவில்லை. ஆயினும் அவ்வீடுகளுள் பேசப்படும் மொழி மலாய். தமிழ்ச் சொற்கள் சடங்கிலும் சமையலிலும் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. மாரியம்மனுக்கு அவர்கள் எடுக்கும் விழாவுக்கே டத்தோ சாச்சார் விழா என்பதுதான் பெயர்.

மலாக்கா செட்டிகள் எனப்படும் இம்மக்கள் இந்நாட்டுத் தமிழருள் மிகப் பழையவர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில், சுல்தான்களின் ஆட்சிக்காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து தங்கிய வணிகரின் வழித்தோன்றல்கள். 1511இல் போர்த்துகீசியரும், 1641இல் டச்சுக்காரரும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்வழி ஆங்கிலேயரும் மலாக்காவைக் கைக்கொண்டனர். இத்தனை ஆட்சி மாற்றங்களுக்கிடையிலும் இவர்தம் சமயம் அசையவில்லை. 1781இல் டச்சு ஆட்சியின்போது ஜாலான் துக்காங் எமாஸில் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும், 1822இல் காஜா பெராங்கில் எழுந்த முத்து மாரியம்மன் ஆலயமும் அதற்குச் சான்று. செல்வமும் கோயிலும் குலப்பெருமையும் அவர்களிடம் குறைவின்றி இருந்தன. மொழி மட்டும் கைமாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி அதே மாநிலத்தில் சில மைல் தொலைவிலேயே உண்டு. 1896இல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அளித்த ஊக்கத்தால், புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் காடுகள் பால்மரக் காடுகளாயின. அங்கு மரம் வெட்டவந்த தமிழர்க்குச் செல்வமில்லை. எழுத்தறிவு பெற்றவர் சிலரே. நெடுங்காலம் பள்ளிக்கூடமும் இல்லை. ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் தமிழ் பேசினர், இன்றும் பேசுகின்றனர்.

கோயிலும் பொருளும் உடையோர் இழந்ததை ஏதுமற்றோர் காத்தது எவ்வாறு? இவ்வினாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை தமிழ்ப்பள்ளி என்பதாகும். அவ்விடை முழுமையானதன்று என்பதே இப்பொழிவில் நான் கூற விழைவது. பள்ளி மொழியை வளர்த்தது, எழுத்தைத் தந்தது. மொழி உயிர்பெற்ற இடம் வேறு. அவ்விடத்தைக் காணக் குழந்தையின் மூளையைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருக்கும். இரண்டாண்டு முடிவதற்குள் நான்கில் மூன்று பங்கை எட்டிவிடும். ஆறு வயதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ச்சி நிறைவுறும். எடை ஒரு புறக்குறிப்புத்தான். அகத்தே நிகழ்வது இன்னும் வியப்புக்குரியது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று கொள்ளும் இணைப்புகள் முதலில் தேவைக்கு மிகுதியாகப் பெருகுகின்றன. பின்னர்ப் பயன்படுபவை நிலைக்க, பயன்படாதவை உதிர்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஹட்டன்லாக்கர் இவ்விணைப்புகளை நுண்ணோக்கியின்கீழ் எண்ணிக் கணக்கிட்டவர். ஒலியைக் கேட்டறியும் பகுதியில் இணைப்புகளின் செறிவு பிறந்த மூன்றாம் மாத அளவிலேயே உச்சத்தை அடைவதையும், சிந்தனைக்குரிய முன்மூளைப் பகுதியில் அது மிகவும் பிந்தி வருவதையும் அவர் கண்டார். செவி முந்துகிறது, அறிவு அதன்பின் வருகிறது.

செவியின் வேலை பிறப்புக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள் ஆகாத சிசுக்கள், பிற பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விழைகின்றன என்பதை 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகிய இருவர் அமெரிக்காவில் மெய்ப்பித்தனர். கருவறையில் கேட்ட குரல் அது.

தமிழராகிய நாம் தனியே நின்று நோக்கவேண்டிய ஆய்வு ஒன்றுண்டு. கனடாவின் வான்கூவர் நகரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் 1984இல் வெளியிட்டது அது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளுள் இந்தி மொழியின் பல்லொலித் தகரமும் நாமடி டகரமும் அடங்கும். தமிழில் ‘பத்து’ என்பதையும் ‘பட்டு’ என்பதையும் பிரிக்கும் வேறுபாடு இதுவே. தொல்காப்பியர் பிறப்பியலில் நாவின் நிலைகொண்டு வகுத்துக் காட்டியதும் இத்தகைய வேறுபாட்டையே. ஆங்கிலத்தில் டகரத்துக்கும் தகரத்துக்குமான இவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தை எட்டிய குழந்தைகளுள் மிகச் சிலரே பிரித்தறிந்தனர். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளோ அவ்வயதிலும் அத்திறனை இழக்கவில்லை. உலகின் எம்மொழிக்கும் ஆயத்தமாகப் பிறக்கும் செவி, ஓராண்டுக்குள் தன்னைச் சூழ்ந்த மொழிக்கெனத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அப்போது குழந்தை ஒரு சொல்லும் பேசத் தொடங்கியிருக்காது.

இக்காலப் பகுப்பைப் படிக்கையில் பிள்ளைத்தமிழின் பருவங்கள் நினைவுக்கு வருகின்றன. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என்று மாதம் எண்ணிப் பாடிய மரபு நம்முடையது. நம் புலவர் நரம்பியல் அறிந்திருந்தனர் என்று முழங்கத் தேவையில்லை. அத்தகைய முழக்கங்களால் தமிழுக்கு ஆவது ஒன்றுமில்லை. பேச்சு வராத குழந்தையைக் கேட்பவராகக் கருதி, வா என்றும் கைகொட்டு என்றும் நிலவைக் கூப்பிடு என்றும் அழைத்துப் பேசிய பண்பே இங்குக் கருதத்தக்கது. நாட்டுப்புறத் தாலாட்டும் அத்தகையதே. உன்னை அடித்தவர் யார் என்று கேட்டு, மாமன், அத்தை, பாட்டி என உறவினரை ஒருவர்பின் ஒருவராக அது அழைத்து நிறுத்தும்.

இனி மலாக்காவுக்குத் திரும்புவோம். செட்டி வணிகர் கடல்கடந்து வந்தபோது பெரும்பாலும் தனியராகவே வந்தனர். இங்கேயே மலாய், சாவகம் முதலிய குடிகளின் பெண்களை மணந்தனர். தந்தை கடையிலும் கப்பலிலும் இருந்தார். குழந்தை தாயின் மடியில் இருந்தது. அம்மடியின் மொழி துறைமுகத்தின் பொதுமொழியாகிய மலாய். தந்தையின் தமிழைக் குழந்தை கேட்டிருக்கும். ஆயினும் பசித்தபோதும் விழுந்தபோதும் உறக்கம் வந்தபோதும் தன்னோடு பேசிய மொழியையே அது தனதாக்கிக் கொண்டது. பின்னர்த் தாயகத் தொடர்பும் குன்றியபோது தமிழ் வழிபாட்டு மொழியாக ஒடுங்கியது. சமயம் வளர்ந்தபின்னும் கற்பிக்கத்தக்கது. ஆண்டுக்கொரு விழாவாலும் காக்கத்தக்கது. தாய்மொழிக்கு அந்தச் சலுகை இல்லை. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். செட்டிகள் தமக்கென ஒரு மலாய்க் கிளைமொழியையே ஆக்கி வாழ்ந்தவர்கள். இன்று அவர்தம் இளையோரிடம் அதுவும் தேய்ந்து வருகிறது.

தோட்டத்தில் நிகழ்ந்தது வேறு. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள்சேர்த்தான். தொடக்கத்தில் ஆண்களே மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெண்களின் தொகை உயர்ந்தது. கணவனும் மனைவியும் தங்கையும் மாமியாருமாக வந்தவர்கள் ஒரே லயத்தில் குடியமர்ந்தனர். கங்காணி முறையின் கொடுமைகள் பலவாக எழுதப்பட்டுள்ளன. அவை யாவும் உண்மை. அதே முறைதான், தான் அறியாமலேயே, தமிழ் பேசும் தாயையும் பாட்டியையும் குழந்தையின் அருகில் கொண்டுவந்து வைத்தது.

அக்குழந்தையின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தாய் காட்டுக்குச் செல்லவேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலால் உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து ஆயாக்கொட்டகையில் விடுவாள். உத்திரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். பார்த்துக்கொள்ள வயதுமுதிர்ந்த ஒருத்தி, அல்லது இருவர். மரம் வெட்டும் வலு குறைந்த பெண்ணையே பெரும்பாலும் ஆயாவாக அமர்த்துவர். நிருவாகம் அக்கொட்டகையைக் கட்டியது குழந்தையின் வளர்ச்சிக்காகவா? இல்லை. தாயின் கைகள் மரத்துக்குத் தேவைப்பட்டன, அவ்வளவே. ஒருத்தி பல குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் ஒவ்வொன்றோடும் உட்கார்ந்து பேச இயலாது. அழும் தொட்டிலை ஆட்டவே நேரம் சரியாக இருக்கும். ஆயாக்கொட்டகையைப் பொற்காலமாகப் பாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தொடக்கக் காலத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் குழந்தைகளை வாட்டின. இரும்புச்சத்தும் ஊட்டமும் இன்றி மூளை செழிக்காது. பேச்சு மட்டுமே உணவாகிவிடாது.

இவ்வளவு வறுமையிலும் ஒன்று மட்டும் குறைவின்றிக் கிடைத்தது. கொட்டகை ஆயா பாடியது தமிழ். தொட்டிலைச் சுற்றி ஆடிய பெரிய பிள்ளைகள் சண்டையிட்டது தமிழில். நண்பகல் கடந்து தாய் திரும்பினாள். மாலையில் லயத்து அஞ்சடியில் பாட்டி கதை சொன்னாள். பக்கத்து வீட்டார் வம்பளந்தனர். குழந்தை எவர் முகத்தைப் பார்த்தாலும் அம்முகம் தமிழில் விடையளித்தது. தெலுங்கு பேசிய குடும்பத்துப் பிள்ளைகள்கூடப் பல தோட்டங்களில் தமிழையே ஓடியாடிக் கற்றனர். திட்டமிட்டு எவரும் செய்ததன்று இது. வெளியுலகம் எட்டாத அடைப்பு வாழ்வு இதற்கு ஒரு பெருங்காரணம். அதற்கு மக்கள் கொடுத்த விலையும் பெரிது.

சட்டம் குழந்தையைக் கண்டுகொண்டது அதன்பிறகே. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஏற்படுத்தக் கட்டளையிட்டது. பள்ளி வயதென்று அது கொண்டது ஏழு முதல் பதினான்கு. நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்த மலாக்காவிலும் இதே காலப்பகுதியில் தோட்டப் பள்ளிகள் பெருகின. கங்காணியோ கிராணியோ ஓய்வுநேரத்தில் ஆசிரியராக அமர்ந்த பள்ளிகள் அவற்றுள் பலவாக இருந்தன. ஓலைக் கூரையும் மண்தரையுமாக இருந்த பள்ளியிலும் பாடம் நடந்ததற்குக் காரணம், உள்ளே நுழைந்த ஏழு வயதுப் பிள்ளை மொழியின் இலக்கணம் முழுவதையும் முன்னரே நெஞ்சில் ஏற்றி வந்திருந்ததுதான். ‘போனான்’, ‘போனாள்’ என்பவற்றின் வேறுபாட்டை எந்த ஆசிரியரும் அவனுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் கற்பித்தது எழுத்தை.

இன்று மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான், டைமண்ட் ஜூப்ளி, கெமுனிங் குரு, ஜாசின் லாலாங், செர்க்காம், காடேக், தெபோங், சுங்கை பாரு என அவற்றின் பெயர்களை அடுக்கிச் சொன்னாலே ஒரு தோட்ட வரலாறு ஆகிவிடும். தோட்டங்களுள் பல துண்டாடப்பட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தனர். 1970களில் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கிளிங் ஆகிய இடங்களில் தடையற்ற வாணிக வளாகங்கள் எழுந்தன. மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் பெண்களும் மாறுநேர வேலைக்குச் சென்றனர். லயத்தைவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தது முன்னேற்றமே. நீரும் மின்சாரமும் கதவடைக்கும் உரிமையும் கிடைத்தன. கதவை அடைத்ததும் அஞ்சடி இல்லாமற்போயிற்று. பாட்டி வேறோர் ஊரில் இருக்கிறாள்.

தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், காலை ஏழு முதல் மாலை ஏழு வரை குழந்தை எங்கே இருக்கிறது? நான்கு வயதுக்குட்பட்டோர் காப்பகங்களுக்கென 1984இல் சட்டம் இயற்றப்பட்டது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் சேர்த்தது; 2003இல் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் நடப்புக்கு வந்தது. இவை நல்ல சட்டங்கள். ஆயினும் தொட்டிலருகே எம்மொழி பேசப்படவேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானிக்க முடியாது. பராமரிப்பாளர் மலாயோ ஆங்கிலமோ பேசலாம். பல வீடுகளில் கைத்தொலைபேசித் திரைதான் பேசுகிறது.

திரையில் தமிழ்ப் பாட்டு ஓடினால் போதுமே என்று எண்ணும் பெற்றோர் உளர். 2003இல் சியாட்டிலில் பட்ரிசியா கூல் நடத்திய ஆய்வு அவர்களுக்கு உரியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நான்கு வாரங்களில் 12 முறை, முறைக்கு 25 நிமிடம், நேரில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலி வேறுபாடுகளைப் பற்றிக்கொண்டனர். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளும் ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளும் ஒன்றும் கற்கவில்லை. ஒலி ஒன்றே, குழந்தை விழித்தபோது தானும் விழித்து, அது கைநீட்டியபோது பொருளைத் தந்து பேசும் ஆள்தான் இல்லை. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பெரியவரும் பிள்ளையும் மாறிமாறிப் பேசிய முறைகள் மிகுந்த வீட்டுப் பிள்ளைகளிடம் மூளையின் மொழிப்பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது என்பது அதன் முடிவு. குடும்ப வருமானத்தைக் கணக்கில் கொண்ட பின்னும், கேட்ட சொற்களின் தொகையைக் கணக்கில் கொண்ட பின்னும் அம்முடிவு நின்றது. மூளைத் தூண்டல் என்ற பெயரில் விற்கப்படும் அட்டைகளுக்கும் கருவிகளுக்கும் பணம் செலவிடுவோர் இதனைக் கருதுவது நலம்.

மலாயும் ஆங்கிலமும் கற்றால் தமிழ் கெடும் என்பது இதன் பொருளன்று. ஒரு குழந்தையின் மூளைக்கு இரண்டு மூன்று மொழிகள் சுமையல்ல. ஒவ்வொரு மொழிக்கும் அதனைப் பேசும் ஆளும், ஆளுக்குரிய நேரமும் வேண்டும். செட்டி வீட்டில் தமிழுக்கு அவ்விரண்டும் இல்லாமற்போயின.

முதலாம் ஆண்டு ஆசிரியர்களுக்குத் தனியே ஒன்று கூற வேண்டும். ‘வலி’, ‘வளி’, ‘வழி’ மூன்றையும் ஒன்றாகவே ஒலிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிவது தகாது. தோட்டத்துப் பேச்சிலேயே ழகரமும் ளகரமும் பலரிடம் கலந்துதான் ஒலித்தன; பட்டணத்தில் வளரும் பிள்ளையோ மூன்றையும் முதன்முறையாக ஏழு வயதில் கேட்கிறது. அதன் செவி ஓராண்டிலேயே வேறு மொழிக்கெனத் திருத்தப்பட்டுவிட்டது. இழந்த கூர்மை முற்றும் மறைந்துபோவதில்லை, பயிற்சியால் மீட்கலாம். அதற்கு முதலில் செவிக்கும் பிறகே நாவுக்கும் பயிற்சி தரவேண்டும். மூன்று படங்களைக் காட்டி ஒரு சொல்லைச் சொல்லி எந்தப் படம் என்று கேட்பது, பத்துமுறை எழுதச் சொல்வதைவிடப் பயன் தரும்.

கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆயாக்கொட்டகையில் பணிபுரிந்த பெண்கள் இன்று மிக முதியவர்கள். மலாக்கா, ஜாசின், அலோர் காஜாவின் தாமான்களில் பிள்ளைகளோடு வாழ்ந்து வருகின்றனர். தோட்டப் பள்ளிகளைப் பற்றி ஆண்டு மலர்கள் உண்டு. அப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளைப் பேச வைத்து அனுப்பிய இப்பெண்களை எழுதியவர் மிகச் சிலர். ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பிற்பகல் சென்று அமருங்கள். எத்தனை தொட்டில்கள் தொங்கின, எத்தனை பேர் பார்த்துக்கொண்டீர்கள், அழுத பிள்ளைக்கு என்ன பாடினீர்கள், எந்தப் பிள்ளை முதலில் உங்களை ஆயா என்று அழைத்தது என்று கேளுங்கள். பாடிக் காட்டச் சொன்னால் முதலில் நாணுவார்கள். பேரப்பிள்ளையை மடியில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.